போன வருஷத்து ஞாயிறுகள்

சமீஹா செத்த அன்று நஸ்லத் ஜிர்ஜிஸ் என்ற ஊரின் தேவாலய முகநூல் பக்கத்தில் கருப்பு அறிவிப்பு எதுவும் ஏறவில்லை. அந்த ஊரில் கோழி செத்தால்கூட அந்தப் பக்கத்தில் போடுவார்கள் என்று வெளிநாட்டில் இருப்பவர்கள் கேலி செய்வது வழக்கம். யாராவது கண்ணை மூடினால் உடல் குளிர்வதற்குள் படம், சிலுவை, அடக்கச் செபத்தின் நேரம் எல்லாம் இணையத்தில் வந்துவிடும். குவைத், நியூ ஜெர்சி, மெல்பர்ன் என்று சிதறிக் கிடந்த பாதி ஊர் அதைப் பார்த்துத்தான் அழும். கடந்த இலையுதிர் காலத்தில் ஆயர் அன்பா தெயோனா இறந்தபோது அவருடைய சவப்பெட்டி தேவாலயத்தைச் சுற்றி வந்ததை ஊரில் இருப்பவர்களைவிடக் கடலுக்கு அப்பால் இருப்பவர்களே அதிகம் பார்த்தார்கள்.

இதையெல்லாம் போடுகிறவன் லபீப். கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். ஞாயிறும் வெள்ளியும் தேவாலயத்தில் காமிரா அவன் பொறுப்பு. இந்த முறை செத்தது அவனுடைய அம்மா. போடக் கூடாது என்று தீர்மானித்தவர் அவனுடைய தாய்மாமா நசீம்.

"தமியானாவுக்குப் பிள்ளை பிறக்கிற வரைக்கும் ஒரு எழுத்து வெளிய போகக் கூடாது," என்றார் நசீம். முற்றத்தில் போட்டிருந்த நாற்காலிகளில் ஆண்கள் துக்க வீட்டுச் சர்க்கரையில்லாத காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்கள். "கேட்டுக்கங்க எல்லாரும். குவைத்துல தங்கச்சி இருக்கா, தம்பி இருக்கான்னு எவனாவது போனை எடுத்தீங்க, அப்புறம் என் வாசல்ல மிதிக்காதீங்க."

தமியானா லபீபுக்கு அக்கா. மெல்பர்னில் இருந்தாள். இரண்டு முறை வயிற்றில் தங்கியது ரத்தமாகப் போய்விட்டது. மூன்றாவது எட்டாம் மாதத்துக்கு வந்திருந்தது. கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவளுடைய கணவன் ரமீஸ் போனில் நசீமிடம் கெஞ்சினான். இப்போது சொன்னால் குழந்தையும் போய்விடும், அதோடு இவளும் போய்விடுவாள் என்றான். நசீமுக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

"மாமா, ஊரே வந்து நிக்குது," என்றான் லபீப். "எல்லார் கையிலயும் போன் இருக்கு. நான் எத்தனை பேர் வாயைக் கட்ட முடியும்?"

"வாயை நான் கட்டுறேன். மெஷினை நீ கட்டு."

கட்டினான். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த கையோடு உட்கார்ந்து, பக்கத்தில் வந்து விழுந்த இரங்கல்களை ஒவ்வொன்றாக அழித்தான். 'ஆண்டவர் அவள் ஆத்துமாவுக்கு இளைப்பாறுதல் தரட்டும்' என்று எழுதியவர்கள் எல்லாரையும் தடை செய்தான். குவைத்திலிருந்த சித்தி சுஆத் கருப்பு ரிப்பனை முகப்புப் படமாக வைத்துவிட்டாள். போன் போட்டு எடுக்கச் சொன்னான்.

"என் அக்காவுக்கு ரிப்பன் வைக்கக்கூட எனக்கு உரிமை இல்லையாடா?" என்று அழுதாள் சித்தி.

"பூனைப் படம் வை சித்தி. கொஞ்ச நாளைக்கு."

"உனக்கு மனசே இல்லடா. உங்கப்பன் மாதிரியே."

அவள் பூனைப் படம் வைக்கவில்லை. பழைய கன்னி மரியாள் படத்தைத் திரும்ப வைத்தாள். வேலை முடிந்தது.

முடியாத வேலை ஞாயிற்றுக்கிழமை.

சமீஹாவுக்குப் பேச்சு போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மூளையில் ரத்தம் கட்டி, நடை திரும்ப வந்தது, வாய் வரவில்லை. அதற்குப் பிறகு மகளோடு போனில் பேசுவது என்ற ஒன்று இல்லாமல் போனது. முகம் பார்த்துப் பேசுகிற அழைப்பைப் போட்டால் தமியானாவைத் திரையில் கண்டதும் சமீஹா போனையே தடவித் தடவி அழுவாள், இழுத்துக்கொண்ட வாயால் என்னென்னவோ சொல்லப் பார்ப்பாள். இரண்டு பக்கமும் தாங்கவில்லை. நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் தேவாலயத்தில் அவள் அழுவதில்லை. பெண்கள் பக்கத்தில், மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில், வெள்ளை முக்காட்டோடு உட்கார்ந்திருப்பாள். தமியானா ஒவ்வொரு ஞாயிறும் நேரலையில் அவளைப் பார்ப்பாள். பூசை முழுக்கப் பார்த்தாலும் அவள் காத்திருப்பது கடைசிக்குத்தான். நற்கருணை முடிந்ததும் பங்குக் குரு அபூனா மக்காரி கையில் தண்ணீரை அள்ளி மக்கள் மீது வீசியடிப்பார். மற்றவர்கள் தலையைக் குனிவார்கள், சிரிப்பார்கள், குழந்தைகள் முன்னால் முண்டுவார்கள். சமீஹா மட்டும் கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கி, மழையில் நிற்கிறவள் மாதிரி அதை வாங்கிக்கொள்வாள். அந்த நேரத்தில் கோணிய வாய்கூட நேராக இருப்பதுபோலத் தெரியும்.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு சளி என்று அவளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தான் லபீப். பூசை முடிவதற்குள் தமியானா விடாமல் அழைத்தாள். அம்மாவை உட்கார்ந்த நிலையில், அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள்.

"நீ என்ன, ஆள் கடத்தல்காரன்கிட்டயா பேசுற?" என்றான்.

"உன்னை நம்ப முடியாதுடா. நீ சின்ன வயசுலயே புறா செத்ததை எனக்குச் சொல்லாம பறந்து போச்சுன்னு சொன்னவன்."

இப்போது அந்தப் பெஞ்சின் ஓரம் காலியாக இருந்தால், கண்டுபிடிக்க அவளுக்குப் பூசை முடியும்வரைகூட வேண்டாம்.

"ஒளிபரப்பையே நிறுத்திரு. கரண்ட் இல்லன்னு சொல்லு," என்றார் நசீம்.

"ஒரு வாரம் சொல்லலாம். வாராவாரம் சொன்னா நம்புவாளா? பிள்ளை பிறக்க இன்னும் மாசம் இருக்கு மாமா."

அதன் பிறகு வந்த யோசனை லபீபுடையதுதான். அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. பெரிய நோன்பு நடந்துகொண்டிருந்தது. நோன்பின் ஞாயிறுகளுக்கு ஒரு குணம் உண்டு. போன வருடம் எந்த நற்செய்தியோ அதேதான் இந்த வருடமும். ஊதாரி மகன் ஞாயிறு, சமாரியப் பெண் ஞாயிறு, படுத்துக் கிடந்தவனின் ஞாயிறு, பிறவிக் குருடன் ஞாயிறு என்று வரிசை மாறாது. ராகம் மாறாது. போன வருடத்து நோன்புப் பதிவுகள் அத்தனையும் அவனிடம் பத்திரமாக இருந்தன. அத்தனையிலும் அம்மா இருந்தாள்.

அபூனா மக்காரியிடம் போய்ச் சொன்னான். அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

"இறந்தவங்க பேர் வாசிக்கும்போது உங்கம்மா பேரைச் சத்தமாத்தான் வாசிப்பேன். அதை மறைக்க மாட்டேன்," என்றார் கடைசியில்.

"அது அக்காவுக்குக் கேக்காது அபூனா. அவளுக்கு மட்டும் தனி லிங்க்."

"நான் உனக்குச் சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல."

"அப்படின்னா சரின்னுதானே?"

"அப்படின்னா எழுந்து போன்னு அர்த்தம்."

முகநூல் பக்கத்தில் என்னமோ கோளாறு, வெளிநாட்டுக்காரர்களுக்கு நின்று நின்று வருகிறது, அதனால் உனக்கு மட்டும் தனியாக அனுப்புகிறேன் என்று தமியானாவிடம் சொன்னான். பக்கத்திலிருந்து அவளையும் தடை செய்தான். பிறகு உட்கார்ந்து போன வருடத்து ஊதாரி மகன் ஞாயிறை முழுக்க ஓட்டிப் பார்த்தான்.

வேலையில் அவன் கெட்டிக்காரன். கிறிஸ்துமஸுக்கு மாட்டிய புதிய தொங்குவிளக்கு போன வருடம் இல்லை. அது தெரிய வேண்டிய உயரத்தை வெட்டினான். பீடத்துப் பையன்கள் ஒரு வருடத்தில் வளர்ந்துவிட்டார்கள். அவர்கள் கிட்டத்தில் வருகிற இடங்களை எடுத்தான். கோடையில் செத்துப்போன பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் போன வருட ஞாயிறில் உயிரோடு நடந்து வந்து நற்கருணை வாங்கினார். அவரையும் வெட்டினான். பிரசங்கத்தில் அபூனா ஏதோ அந்த நேரத்துச் செய்தியைப் பற்றிப் பேசினார். அந்தப் பகுதிக்கு ஒலியை அடைத்துவிட்டான். அம்மாவைத் தொடவில்லை. அவளைப் பார்க்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. முக்காடு சரியாக இருக்கிறதா, வெளிச்சம் போதுமா என்று மட்டும் பார்த்தான். நான் அழவே இல்லையே என்ற எண்ணம் ஒரு தடவை வந்தது. அதற்கு நேரம் இல்லை என்று அடுத்த காட்சிக்குப் போனான்.

ஞாயிறு காலையில் ஆண்கள் பக்கத் தூணுக்குப் பின்னால் இருந்த தன் மேசையில் இரண்டு திரைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒன்றில் நடந்துகொண்டிருந்த பூசை, ஊருக்கு. இன்னொன்றில் நடந்து முடிந்த பூசை, அக்காவுக்கு. காதில் மாட்டியிருந்தது நடக்கிற பூசையின் ஒலி. பழையதன் ஒலியை அவன் கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் தலை வெடித்துவிடும்.

முதலில் தமியானா வழக்கம்போல எழுதிக்கொண்டிருந்தாள்.

'அம்மா இந்த வாரம் தெம்பா இருக்கா. கன்னம் வச்சிருக்கா.'

'ஆமா, இப்ப நல்லா சாப்பிடுறா,' என்று அடித்தான்.

'காமிராவைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்புடா. பாதிதான் தெரியுறா.'

'ஸ்டாண்டு உடைஞ்சிருச்சு. திரும்பாது.'

'சர்ச்சுக்கு நாங்க அனுப்புறதெல்லாம் என்னடா பண்றீங்க, ஸ்டாண்டு வாங்கக்கூட வக்கில்லையா?'

சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினான். பூசை நகர்ந்தது. நடுவில் எங்கோ அவள் எழுதுவது நின்றது. தூங்கிவிட்டாள் போல என்று நினைத்தான், மருந்து அப்படி. திரையின் ஓரத்தில் பார்ப்பவர் எண்ணிக்கை ஒன்று என்று நின்றது நின்றபடி இருந்தது. கடைசியில் போன வருடத்து அபூனா தண்ணீரை வீசினார். போன வருடத்து அம்மா முகத்தைத் தூக்கினாள். கொஞ்சம் பொறுத்து ஒரு வரி வந்தது.

'பார்த்தேன்.'

நசீம் தேவாலய முற்றத்தில் காத்திருந்தார். லபீப் தலையாட்டினான். நசீம் அவன் தோளைத் தட்டினார். ஒரு பெரிய வேலையை முடித்த இரண்டு பேர் மாதிரி ஆளுக்கொரு சிகரெட் பற்ற வைத்துக்கொண்டார்கள்.

அடுத்தடுத்த ஞாயிறுகள் சுலபமாகப் போயின. சமாரியப் பெண் கிணற்றடிக்கு வந்தாள், போனாள். படுத்துக் கிடந்தவன் எழுந்து படுக்கையைச் சுருட்டினான். தமியானா காமிராவைத் திருப்பச் சொல்லவே இல்லை. கன்னம், முக்காடு, தெம்பு என்று எதுவும் எழுதவில்லை. கடைசியில் மட்டும் அந்த ஒரே வரி வரும். அதிர்ஷ்டம் என்று நினைத்தான் லபீப்.

வாரத்தின் நடுவில் அழைப்பாள். கடையில் கூட்டமாக இருந்தாலும் எடுத்துவிடுவான். எடுக்காவிட்டால் சந்தேகம் வரும்.

"அம்மா என்ன பண்றா?"

"தூங்குறா."

"சரி. எழுப்பாத."

இன்னொரு நாள் கேட்பாள். "அம்மா என்ன பண்றா?"

"இப்பதான் சாப்பிட்டுப் படுத்தா. தூங்குறா."

"ம். லபீப்."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நீ சாப்பிட்டியா?"

"நோன்புல என்ன சாப்பாடு. ஃபூல்தான். அவரையைத் தின்னு தின்னு எனக்கே முளைவிடப் போகுது."

அவள் சிரிப்பாள். பிறகு போனை அவன்தான் முதலில் வைப்பான்.

ஊருக்குப் போகிற நேரலையில் அந்தப் பெஞ்சின் ஓரத்தை அவன் காட்டுவதே இல்லை. சட்டகத்தை அதற்கு ஒரு விரல் இந்தப் பக்கமே நிறுத்திக்கொள்வான். கண்ணாலும் அங்கே பார்க்கவில்லை.

பிறவிக் குருடன் ஞாயிறும் முடிந்தது. அந்த வாரத்து வெள்ளிக்கிழமை தமியானாவுக்கு வலி கண்டது. அறுத்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. எடை போதாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், ஆனால் அழுதாள், மூச்சு விட்டாள். ரமீஸ் அனுப்பிய படத்தை நசீம் வீட்டுப் பெண்களிடம் காட்டினார். ஒருத்தி வாயில் கை வைத்துக் குலவையை ஆரம்பித்தாள். பாதியில் தன் கருப்பு உடுப்பைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். நிறுத்திய இடத்திலேயே அழுகை தொடங்கியது.

லபீப் நசீமைத் தனியே கூட்டிப் போனான். "இப்ப சொல்லிடலாம் மாமா."

"தையல் ஆறட்டும்."

"பிள்ளை பிறக்குற வரைக்கும்னுதானே சொன்னீங்க?"

"இப்ப சொன்னா பால் வத்திரும்டா. பெட்டிக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு எதைக் குடுப்பா? ஈஸ்டர் கழியட்டும். நாளைக் கழிச்சு ஒரு ஞாயிறு, அதையும் போட்ரு. அப்புறம் பாடுகளின் வாரம், தினமும் செபம், கூட்டம், அந்தக் குழப்பத்துல ஒண்ணும் தெரியாது."

நசீம் கெட்டவர் இல்லை. அக்கா போன பிறகு அவர் சவரம் செய்துகொள்ளவில்லை, ராத்திரி படுத்தால் அவருக்குத் தூக்கம் வருவதில்லை என்று மாமி சொல்லியிருந்தாள். ஆனால் ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு இத்தனை தூரம் வந்தவருக்கு அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. லபீபுக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு, போன வருடத்துக் குருத்தோலை ஞாயிறைத் திறந்தான். எல்லார் கையிலும் ஓலையில் பின்னிய சிலுவைகள், கிரீடங்கள். அம்மா இடது கையில் ஒரு சிலுவையைப் பிடித்திருந்தாள். வலது கை அவளுக்கு மடங்கித்தான் இருக்கும். வெட்ட வேண்டியதை வெட்டிக்கொண்டே போனான். பூசை முடிந்தது. அதற்கு மேலும் பதிவு இருந்தது. அதை அவன் மறந்தே போயிருந்தான்.

பாடுகளின் வாரத்தில் யாருக்கும் அடக்கச் செபம் கிடையாது. அந்த வாரம் கிறிஸ்துவின் சாவுக்கு மட்டும். அதனால் அதற்குள் யார் சாகப்போகிறார்களோ தெரியாதே என்று, குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்ததும், உயிரோடு இருக்கிற அத்தனை பேருக்கும் முன்கூட்டியே சேர்த்து அடக்கச் செபம் சொல்லிவிடுவார்கள். ஓலையும் கையுமாக நிற்கிற கூட்டத்தின் மேல் சாவுக்கான தண்ணீரைத் தெளிப்பார்கள். அதை வாங்காமல் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

திரையில் கருப்புத் திரைச்சீலை இறங்கியது. சோக ராகம் தொடங்கியது. அபூனா தண்ணீர்க் கிண்ணத்தோடு பெண்கள் பக்கம் வந்தார். மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் அம்மா கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கி, தன் அடக்கத்துக்கான தண்ணீரை வாங்கிக்கொண்டாள். ஒரு துளி கன்னத்தில் இறங்கிக் கோணிய வாயோரத்தில் நின்றது. லபீப் படத்தை நிறுத்தினான். அவனால் அதை வெட்டவும் முடியவில்லை, ஓட்டவும் முடியவில்லை. கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

போன் அடித்தது. தமியானா.

"என்ன பண்ற?"

"கடைல இருக்கேன். பாப்பா எப்படி இருக்கா?"

"பெட்டிக்குள்ளதான். நாளைக்கு வெளிய எடுப்பாங்களாம். உன் மூக்கு அவளுக்கு. பாவம்."

"மூக்கு வளரும்போது சரியாயிரும்."

"உனக்குச் சரியாகலையே." சிரித்தாள். தையல் வலித்திருக்க வேண்டும், பாதியில் மூச்சைப் பிடித்தாள். "ரமீஸ் நாற்காலில உக்காந்தே தூங்கிட்டான். வாயைத் திறந்துக்கிட்டு." பிறகு, "அம்மா என்ன பண்றா?"

நிறுத்தி வைத்த முகம் அவன் எதிரே இருந்தது. மூடிய கண்கள்.

"தூங்குறா," என்றான்.

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இயந்திரம் ஒன்று மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

"லபீப், நாளைக்குப் பழசைப் போடாத."

அவன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"முதல் வாரமே தெரியும்டா எனக்கு. ஆயருக்காக வேண்டிக்குவாங்கல்ல, அந்த இடத்துல அபூனா அன்பா தெயோனா பேரைச் சொன்னார். நீண்ட காலம் அவரை எங்களுக்காகக் காப்பாத்தும்னு. அவர் சவப்பெட்டியை எனக்குக் காட்டினதே நீதான். புது ஆயர் வந்து எத்தனை மாசம் ஆச்சு. பிசூரான்னு பேர்கூட உனக்கு வாயில நுழையலன்னு சிரிச்சோம்."

விளக்கைப் பார்த்தவன், பையன்களின் உயரத்தைப் பார்த்தவன், செத்த கடைக்காரரைத் தேடி வெட்டியவன் அதைக் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து பூசைக்குப் பூசை காதில் விழுகிற வரி. உள்ளூரில் இருக்கிற ஒருவனும் அதைக் கேட்பதில்லை. தூரத்தில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துக்கொண்டிருந்தவளுக்குத்தான் கேட்டிருக்கிறது.

"ஏன் சொல்லலக்கா?"

"யார்கிட்ட சொல்ல? ரமீஸ் காலைல ஜூஸைக் கொண்டுவந்து குடுத்துட்டுச் சிரிக்கிறான். அப்புறம் பாத்ரூமுக்குள்ள போய்க் குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுறான். எனக்குக் கேக்குது. நான் அழுதா பிள்ளை போயிரும்னு எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டீங்க. ஒருவேளை நிஜமாவே போயிருமோன்னு எனக்கும் பயம். சரின்னு நானும் சிரிச்சேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன்."

"பின்ன ஏன் ஒவ்வொரு வாரமும் பார்த்த?"

"அம்மா தெரிஞ்சா. பார்த்தேன்." குரல் அதுவரை சமமாக இருந்தது. இப்போது உடைந்தது. "அதை விடு. அம்மா என்ன பண்றா, அம்மா என்ன பண்றான்னு எதுக்குக் கேட்டேன்னு நினைக்கிற? அவ செத்துட்டான்னு தெரிஞ்ச பிறகு எதுக்குடா கேப்பேன்? மாமா சொல்ல மாட்டார். ரமீஸ் சொல்ல மாட்டான். நீ சொல்லுவேன்னு கேட்டேன். ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை சொல்லிருவான், சொல்லிருவான்னு. தூங்குறா, தூங்குறா, தூங்குறா. எவ்வளவுதான்டா தூங்குவா ஒரு மனுஷி? இப்பவும் கேட்டேன். இப்பவும் அதையே சொல்ற."

லபீப் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. அம்மாவின் வாய் ஞாபகத்துக்கு வந்தது.

"எப்படிச் செத்தா?" என்றாள்.

சொன்னான். வியாழக்கிழமை காலை. ரொட்டியை ஃபூலில் தொட்டுச் சாப்பிட்டாள். சன்னல் பக்கம் உட்கார வைத்துவிட்டுச் செருப்பைத் தேடப் போனான். திரும்பி வருவதற்குள் முடிந்திருந்தது.

"கண்ணை யார் மூடினது?"

"நான்தான்."

"குளிப்பாட்டினது?"

"மாமியும் பக்கத்து வீட்டுப் பொம்பளைங்களும்."

"அது என் வேலை," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தன்னுடைய பொருள் ஒன்று வேறு வீட்டில் இருப்பதைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "நீங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து அழுதிருப்பீங்க. கருப்பு கட்டியிருப்பீங்க. கசப்புக் காப்பி குடிச்சிருப்பீங்க. எனக்குப் பிங்க் கலர்ல நைட்டி வாங்கிக் குடுத்தான்டா இவன். அதைப் போட்டுக்கிட்டு அம்மாவுக்காக வாயை மூடிக்கிட்டு செபம் சொன்னேன். உதடு அசைஞ்சா கண்டுபிடிச்சிருவான்னு."

"அக்கா, நான்..."

"நாளைக்கு அவ இடத்தைக் காட்டு. நிஜமான நேரலையில."

"அங்க இப்ப வேற யாராவது உக்காந்திருப்பாங்கக்கா."

"யார் உக்காந்தா என்ன. காட்டு. எனக்கும் ஒரு அடக்கம் வேணும்." வைத்துவிட்டாள். அவள் முதலில் வைத்தது இதுதான் முதல் தடவை.

குருத்தோலை ஞாயிறு அன்று தேவாலயத்தில் கால் வைக்க இடமில்லை. ஓலைகளின் பச்சை வாசனை. குழந்தைகள் ஓலைக் கிரீடத்தை ஒருவர் தலையிலிருந்து ஒருவர் பிடுங்கினார்கள். லபீப் இரண்டு திரைகளிலும் ஒரே பூசையை விட்டான். அந்தத் தனி இணைப்பில் எண்ணிக்கை ஒன்று என்று வந்தது. அவள் எதுவும் எழுதவில்லை.

புது ஆயரின் பெயரை அபூனா சொன்னார். முதல் முறையாக அதைக் காது கொடுத்துக் கேட்டான் லபீப்.

பூசை முடிந்து மணி மெதுவாக அடிக்கத் தொடங்கியது. பீடத்துக்கு முன்னால் கருப்புச் சீலை இறங்கியது. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கியது. ராகம் மாறியது. லபீப் எழுந்துபோய்ப் பக்கவாட்டுக் காமிராவின் ஸ்டாண்டைத் திருப்பினான். அது உடையவே இல்லை. எண்ணெய் போட்ட மாதிரி திரும்பியது.

மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் அவனுக்குப் பெயர் தெரியாத ஒரு இளம்பெண் நின்றாள். கல்யாணமாகி வந்தவளாக இருக்கும். இடுப்பில் இருந்த பிள்ளை ஓலைச் சிலுவையைக் கடித்துக்கொண்டிருந்தது. அபூனா வந்தார். தண்ணீர் விழுந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முக்காட்டின் நுனியால் பிள்ளையின் முகத்தைத் துடைத்தாள், வாயிலிருந்த ஓலையைப் பிடுங்கினாள், பிள்ளை வீறிட்டது. அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. லபீப் சட்டகத்தை அசைக்காமல் வைத்திருந்தான். ஸ்டாண்டின் கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

கூட்டம் கலைந்தது. அந்தப் பெண்ணும் போய்விட்டாள். ஊருக்கான நேரலையை முடித்தான். தனி இணைப்பை முடிக்கவில்லை. வெறும் பெஞ்சு, அதன் மேல் கிழிந்த ஓலைத் துண்டுகள், மரத்தில் காய்ந்துகொண்டிருக்கும் ஈரம்.

நசீம் தேடிக்கொண்டு வந்தார். "என்னடா இன்னும் கட்டலையா? பழசைத்தானே போட்ட?" காமிரா எங்கே பார்க்கிறது என்று பார்த்தார். "எதைடா காட்டிட்டு இருக்க?"

"அம்மா இடத்தை. அக்கா பார்க்குறா."

நசீமுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "சொல்லிட்டியா?"

"நான் சொல்லல. அவளுக்கு முதல் வாரத்துலேர்ந்து தெரியும்."

நசீம் தலைப்பாகையைக் கழற்றினார். பெஞ்சுக்குப் போகிற வழியில் இரண்டடி வைத்தார். காமிராவுக்குள் வந்துவிடுவோம் என்று பயந்தவர் மாதிரி நின்றுவிட்டார். பிறகு தூணடியில், தரையில் உட்கார்ந்தார்.

அங்கே குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்களா, தமியானா திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளா, இல்லை போன் தலையணைக்குப் பக்கத்தில் சும்மா எரிந்துகொண்டிருக்கிறதா என்று லபீபுக்குத் தெரிய வழியில்லை. 'அக்கா' என்று அடித்தான். அழித்தான். தேவாலயக் காவல்காரர் ஓலைகளைக் கூட்டிக்கொண்டே ஒவ்வொரு விளக்காக அணைத்தார். பெண்கள் பக்கம் இருண்டது. திரையில் பெஞ்சு தெரியவில்லை. ஓரத்தில் பார்ப்பவர் எண்ணிக்கையாக அந்த ஒன்று மட்டும் இருந்தது.